கும்பிடுபூச்சிக்கு எதிராக ஒரு தீர்மானம்

ஊரிகம் ஸ்டேஷனில் விடிகாலை ரயிலுக்கு நிற்கிறவர்களில் ஏனோக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! ஐம்பத்து நாலு வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு நோட்டு. ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆனால் அவர் பிளாட்பாரத்தில் நடந்து வருகிற நடையைப் பார்த்தால், குடோனே அவரிடம் கைகட்டி வேலை பார்க்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நடை அவருடைய அப்பாவுடையது. அப்பா தங்கச் சுரங்கத்துத் தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர். அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினால் ஒரு ஷிஃப்டே கை தூக்கும் என்பார்கள். மகன் ஒருநாள்கூட கேஜில், அந்த இரும்புக்கூண்டு லிஃப்டில், ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. இவருக்கு வேலை கிடைக்கிற காலம் வந்தபோது சுரங்கம் மூடிக்கொண்டிருந்தது. ஆகவே அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த ஒரே சொத்து தொண்டையைச் செருமுவது. அதை வைத்துக்கொண்டு மனுஷன் இருபது வருஷமாக ரயிலில் சங்கம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதாவது பெட்டியில் அவரோடு சேர்த்துப் பதினைந்து பேர். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள், சாம்பியனில் ஏறுகிறவர்கள், பங்காருப்பேட்டையில் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள். ரயிலை விட்டு இறங்கினால் யார் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. ஆனால் பெட்டிக்குள் எல்லாம் முறைப்படி நடக்கும். ஜன்னல் சீட்டுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட் உண்டு. மாலூர் வரை ஒருவர், மாலூரிலிருந்து இன்னொருவர். மார்கழிக் குளிரில் ஃபேன் போடலாமா கூடாதா என்பதற்குக் கையெழுப்பு, அதாவது கை தூக்கி ஓட்டுப் போடுவது, உண்டு. புறா எச்சம் போட்ட சீட்டை யார் துடைப்பது என்பதற்கு ஒருமுறை மூன்று நாள் விவாதம் நடந்தது. எல்லாம் நோட்டில் தீர்மானமாக ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் அதை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழு கூட்ட வேண்டும், அதற்குப் பதினான்கு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதிமுறை வேறு எழுதிவைத்திருந்தார். எதற்கு இத்தனை நாள் என்று ஒருவர் கேட்டதற்கு, அவசரத்தில் போடுவது தீர்மானம் இல்லை, கூச்சல் என்று பதில் சொன்னார்.

இந்த மனிதருக்குத்தான் கும்பிடுபூச்சிப் பைத்தியம் பிடித்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்காருப்பேட்டைக்கு வெளியே சிக்னலில் ரயில் நின்றிருந்தது. ஜன்னல் கம்பியில் பச்சையாக ஒரு கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டது. ஏனோக்கின் வலதுகை மாதிரி இருந்தவர் முனிரத்தினம், கே.ஆர்.புரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. அவர் இது வந்தால் வீட்டுக்கு விருந்தாளி வரும் என்றார். இன்னொருவர் மழை வரும் என்றார். இது எந்த ஜாதிக் கும்பிடுபூச்சி என்று ஏனோக் கேட்டார். அதில் ஜாதி வேறு இருக்கிறதா என்று பெட்டியே சிரித்தது. சிரித்தால் ஏனோக்குக்குப் பிடிக்காது. போட்டோ எடுத்து, குடோனில் ஒரு பையன் எப்போதோ போனில் ஏற்றிக் கொடுத்திருந்த ஆப் ஒன்றில் போட்டார். செடி, பூச்சி, பறவை எதை வேண்டுமானாலும் போடலாம், யாராவது தெரிந்தவர்கள் பெயர் சொல்லுவார்கள். மாலூர் வருவதற்குள் எங்கிருந்தோ முகம் தெரியாத ஒருவர் நீளமாக ஒரு லத்தீன் பெயரைச் சொல்லி, நல்ல படம், நன்றி என்றும் எழுதியிருந்தார்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் குடோனில் சாமான் எண்ணிக் கொடுக்கிறார் மனுஷன். ஒருத்தனும் நன்றி என்று சொன்னது கிடையாது. அந்த ஒரு வார்த்தை அவரை அப்படியே சாய்த்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆராதனை முடிந்த கையோடு, சர்ச்சுக்குப் போட்ட ஷூவோடு, நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கிற முள்ளுக்காட்டுக்குப் போய்விடுவார். ஆவாரம்புதர், உண்ணிச்செடி, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். அதில் குனிந்து நிற்கிறவரைப் பார்த்து, இவர் இன்னும் தங்கம் தேடுகிறார் போல என்று ஆடு மேய்க்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பேசட்டும். இந்த ஒரு காரியத்தில் அவரைக் கேலி செய்ய இடமில்லை. பூச்சியைத் தேடக் கூடாது, காற்று இல்லாதபோது ஆடுகிற இலையைத் தேட வேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்தார். குச்சியில் நுரை காய்ந்து ஒட்டியது போல இருந்தால் அது முட்டைக்கூடு என்று தெரிந்துகொண்டார். முக்கோணத் தலை நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா, கூப்பிய கையின் உள்பக்கத்தில் கறுப்புப் பொட்டு இருக்கிறதா, இறக்கையில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார். பொட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அது கையைத் தூக்க வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் வெயிலில் அசையாமல் நிற்பார். மூன்று வருஷத்தில் பதினோரு வகை. ஏற்கெனவே மற்றவர்கள் பார்த்துப் பதிந்த வகைகள்தான், ஆனாலும் பதினொன்று.

பதினொன்று தலைக்கேறிவிட்டது. அதுதான் சங்கடம். சர்ச் ஆண்டுவிழாவில் இரண்டு நிமிஷம் வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்டால், பதினைந்து நிமிஷம் கும்பிடுபூச்சியின் ஜெபநிலை பற்றிப் பேசினார். பாஸ்டர் மூன்று முறை இருமிப் பார்த்தார். யாராவது ஆப்பில் சும்மா ஒரு பூச்சியைப் போட்டால் போதும், ஏனோக் போய் நின்று தீர்ப்பு சொல்வார். சொன்னது தப்பென்று யாராவது திருத்தினால் அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும்.

போன அக்டோபரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்மேட்டுச் சரிவில் புல்லோடு புல்லாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், வைக்கோல் நிறம், துடைப்பக்குச்சியின் பருமன். கூப்பிய கை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏனோக் அரை நிமிஷம் பார்த்தார். பொட்டுக்காக ஒரு மணி நேரம் நிற்கிற அதே மனிதர் இதற்கு அரை நிமிஷம்தான் கொடுத்தார். கும்பிடுபூச்சியே இல்லை, குச்சிப்பூச்சி என்று முடிவு கட்டி, இரண்டு படம் எடுத்து ஆப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மறுநாள் ரயிலில் முனிரத்தினம்தான் அதைப் பார்த்தார். பார்த்தவர் பெட்டிக்கே கேட்கிற மாதிரி வாசித்தும் காட்டினார். பெங்களூரிலிருந்து ஷில்பா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள். இது குச்சிப்பூச்சி இல்லை, புல்லில் வாழும் ஒருவகைக் கும்பிடுபூச்சி, முன்கை ரொம்பச் சின்னது, தலைக்கு அடியிலேயே நீட்டி மடக்கி வைத்திருக்கும், தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் பதினான்கு பேர் எதிரில் வாசிக்கப்பட்ட மரியாதை அது. கும்பிடுபூச்சி ஏனோக்குக்கே கும்பிடுபூச்சி தெரியவில்லையா என்று பின்சீட்டில் ஒருவர் சிரித்தார்.

ஏனோக் தொண்டையைச் செருமினார்.

நேரில் பார்த்தவன் நான், பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு போட்டோ பார்த்தவள் அவள், யார் சொல்வது செல்லும் என்று கேட்டார். அப்புறம் அந்த ஆப்பில் ஒரு விதி இருப்பதை விளக்கினார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆட்கள் எந்தப் பெயரை ஒப்புக்கொள்கிறார்களோ அந்தப் பெயர்தான் நிற்கும். இதைச் சொன்னபோது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊரில் மெஜாரிட்டியால் சாதிக்காத காரியம் உண்டா? போனஸ் வாங்கியது கை தூக்கித்தான், தண்ணீர்க்குழாய் வாங்கியது கை தூக்கித்தான். ஒரு பூச்சியின் பெயர் என்ன பெரிய விஷயம்!

தியாகல் தாண்டியதும் தீர்மானம் நிறைவேறியது. முனிரத்தினம் ஒவ்வொருவர் போனையும் வாங்கி ஆப்பை ஏற்றி, கணக்குத் திறந்து, குச்சிப்பூச்சி என்று ஒப்புக்கொள்ள வைத்தார். ஒருத்தர் அவசரத்தில் கரப்பான்பூச்சி என்று அமுக்கிவிட்டார், அதைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒயிட்ஃபீல்டு வரும்போது குச்சிப்பூச்சிக்குப் பதினைந்து, கும்பிடுபூச்சிக்கு ஒன்று. பெயர் நிலைத்துவிட்டது. ஏனோக் ரயிலிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தால் கழுத்தில் மாலை இல்லாததுதான் குறை.

இரண்டு நாள் கழித்து ஷில்பா தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து கோலார் மாவட்டத்துக் கும்பிடுபூச்சிகளைப் பற்றி ஒரு சின்னக் கையேடு போடுகிறார்கள். நீங்கள் எடுத்தது நான் நினைக்கிற வகை என்றால் இந்த மாவட்டத்தில் அதை முதலில் பார்த்தவர் நீங்கள். முதலில் பார்த்தவர் பெயரைப் புத்தகத்தில் அச்சடிப்போம். ஆனால் பதிவில் குச்சிப்பூச்சி என்று இருந்தால் சேர்க்க முடியாது. பட்டியல் நவம்பர் முப்பதோடு முடிகிறது. இதுதான் விஷயம்.

ஏனோக் முதலில் அதைப் பெட்டியில் சொல்லிச் சிரித்தார். மேனேஜ்மென்ட் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் பயந்துவிட்டது என்று அர்த்தம் என அப்பா சொல்வாராம். ஆனால் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. புத்தகத்தில் பெயர்! அவர் பெயர் இதுவரை அச்சில் வந்தது ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், கல்யாணப் பத்திரிகையில். கல்யாணப் பத்திரிகையிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டான் அச்சகத்துக்காரன். அப்பா பெயர் சங்க ஆபீஸ் கல்வெட்டில் இருக்கிறது. இவருக்கு ஒன்றுமில்லை. அந்தப் புத்தகத்தில் தன் பெயர் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, குடோனில் அட்டைப்பெட்டி எண்ணும்போதும் அதே நினைப்பு.

ஆசை வந்தாலும் வறட்டு கௌரவம் போகுமா? குச்சிப்பூச்சிதான் என்று நிரூபிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். வெயில் படாமல் படம் எடுக்கக் குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவி ஐடா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆயிரம் புடவைக்கு நடுவில் ஜரிகையில் ஒரு இழை விட்டிருந்தால் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. ஏனோக் சரிவு முழுக்க அரைமணி நேரம் தேடிக்கொண்டிருந்தார். ஐடா நின்ற இடத்திலிருந்தே, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறதே அதுவா பாருங்கள் என்றாள்.

அதுதான். இருவரும் நின்றார்கள். நாற்பது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஐடாவுக்குக் கை வலித்தது, குடையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு வலதுகையால் தன் போனை எடுத்துச் சும்மா அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். புல்நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. துடைப்பக்குச்சியின் முனையில் இரண்டு சின்னக் கை திறந்தது, மூடியது. ஈ அதற்குள் இருந்தது. கூரான கண்ணும் தலையுமாக அது திரும்பி ஏனோக்கைப் பார்த்துக்கொண்டே ஈயைத் தின்றது. ஏனோக்கின் கையில் கேமரா திறந்தபடி இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"இலை துன்ற பூச்சிக்கு ஈ இன்னாத்துக்குங்க?" என்று ஐடா கேட்டாள்.

குச்சிப்பூச்சி இலையைத் தவிர எதையும் தொடாது என்று இவளுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் பாடம் எடுத்தவரே அவர்தான். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, ஏனென்றால் கும்பிடுபூச்சி என்றால் புத்தகம், புத்தகம் என்றால் பெயர். வீட்டுக்கு வந்ததும் ஆப்பைத் திறந்து தன் ஓட்டை மாற்றினார். நான் சொன்னது தப்பு, ஷில்பா சொன்னதுதான் சரி என்று எழுதினார். ஐம்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியது அதுதான் முதல் தடவை. மனுஷனை மெச்சத்தான் வேண்டும்.

மெச்சப் பெட்டியில் ஆள் இல்லை. கும்பிடுபூச்சிக்கு இரண்டு, குச்சிப்பூச்சிக்குப் பதினான்கு. திங்கட்கிழமை ரயிலில் ஏறியதும் ஏனோக் விஷயத்தைச் சொல்லி, எல்லோரும் தங்கள் ஓட்டை மாற்றிவிடுங்கள் என்றார். சொன்னால் செய்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்.

"தீர்மானம் போட்டது நீங்க. கை தூக்கினது நாங்க," என்றார் முனிரத்தினம். "அந்தப் பொண்ணு தனியா மெசேஜ் அனுப்பிச்சுதாமே, புஸ்தகத்துல பேர் போடறேன்னு. இப்ப எங்களை வுட்டுட்டு மேனேஜ்மென்ட் பக்கம் பூட்டீங்களா அண்ணா?"

ஈயைத் தின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஏனோக் மன்றாடினார். பார்த்ததற்கும் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அவர் சொல்லிக்கொடுத்த கேள்வி. அப்போது பின்சீட்டிலிருந்து ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கருங்காலி."

வேறு ஊராக இருந்தால் அது ஒரு திட்டு, அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. ஸ்ட்ரைக் நடக்கும்போது வேலைக்குப் போனவனை அப்படிக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தொழிலாளர் குடியிருப்பு லைனில் ஒருத்தரும் போக மாட்டார்கள், சாவுக்கும் போக மாட்டார்கள். ஏனோக்கின் அப்பாவே எத்தனையோ பேருக்கு அந்தப் பட்டத்தைக் கட்டியவர். ஏனோக் உட்காரலாம் என்று பார்த்தால் அவருடைய இடத்தில் பை வைத்திருந்தார்கள். ஜன்னல் ஷிஃப்ட் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அதையும் கையெழுப்பு நடத்தித்தான் செய்திருந்தார்கள்.

சரி, பழைய பதிவு போனால் போகட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்த் தேடிப் பிடித்துப் புதிதாக எட்டுப் படம் எடுத்துப் போட்டார். பத்தே நிமிஷம். பதினான்கு பேரும் வந்து குச்சிப்பூச்சி என்று போட்டுவிட்டுப் போனார்கள். வேறொரு இடத்தில் வேறொன்றைப் பிடித்துப் போட்டார். ஏழு நிமிஷம். ஏனோக் என்ற பெயரில் எது ஏறினாலும் இவர்கள் போனில் மணி அடிக்கிற மாதிரி முனிரத்தினம் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். இருபது வருஷமாக ஃபேனுக்கும் புறா எச்சத்துக்கும் கை தூக்கி அலுத்தவர்கள். இப்போதுதான் அவர்களுக்கு ஒரு உண்மையான போராட்டம் கிடைத்திருக்கிறது, விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறிக்கு நடுவில்கூட எழுந்து வந்து கடமையைச் செய்தார்கள்.

ஷில்பாவுக்குப் போன் செய்தார். ஆப்பை நடத்துகிறவர்களிடம் புகார் கொடுத்திருக்கிறேன், ஆனால் அவர்கள் பார்க்க ஒரு மாதம் ஆகும் சார், நமக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றாள். யாராவது வேறு ஒருவர் எடுத்த நல்ல படம், முன்கை தெரிகிற மாதிரி, இருந்தால் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னாள். அவர் அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழாத மாதிரி போனை வைத்தார். மறுநாள் பெட்டியில் நின்றுகொண்டே, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும்படி எழுத்து மூலமாகக் கேட்டார். தாராளமாகக் கூட்டலாம், பதினான்கு நாள் நோட்டீஸ் என்றார்கள். நோட்டை எடுத்து அவர் கையெழுத்திலேயே காட்டினார்கள்.

கைகள் திறந்து ஈயைப் பிடிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐடாவின் போனில் இருந்தது. தன் பெயரில் போட்டால் பதினான்கு பேர் வருவார்கள். அவள் பெயரில் போட்டால் பூச்சி புத்தகத்தில் வரும், ஆனால் தன் பெயர் வராது. மூன்று வருஷ வெயில் தன்னுடையது, குடை பிடித்த நாற்பது நிமிஷம் அவளுடையது. ஏனோக்குக்கு வயிறு எரிந்தது. சொந்த மனைவி மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, அதனால் பொறாமை குறைந்துவிடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் தன்னோடு தானே பேச்சுவார்த்தை நடத்தினார். வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றார். பெரிய தியாகம் செய்கிறவர்கள் நிற்கிற மாதிரி நின்றார்.

"அந்தப் படத்தை உன் பேர்லயே போட்டுடு," என்றார்.

ஐடா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நான் போட்டு நாலு நாளாச்சுங்க. ஷில்பா நம்பர உங்க போன்லருந்து எடுத்துகினேன், அது போன்லயே சொல்லிக்குடுத்துச்சு. இன்னும் ரெண்டு பேர் வந்து கும்புடு பூச்சிதான்னு ஒத்துகினாங்க."

தியாகம் செய்யவும் வழியில்லாமல் போயிற்று. பிறகு, பதினான்கு பேரும் வரவில்லையா என்று கேட்டார். ஒருத்தரும் வரவில்லை என்றாள். அதெப்படி, ஊர் பெயர்கூடப் போட்டிருப்பாயே, அவர்களுக்குத் தெரியாமலா போகும் என்றார். அதை உங்கள் ரயிலில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

ஜனவரியில் கையேடு வந்தது. முதலில் பார்த்தது முனிரத்தினம்தான், அந்தப் போராட்டத்தில் அவருக்கே பூச்சிகள் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டிருந்தது. போனில் பக்கம் பக்கமாகத் தள்ளி, ஏனோக் பெயர் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெட்டிக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். புல் கும்பிடுபூச்சி. கோலார் மாவட்டத்தில் முதல் பதிவு, நந்திதுர்க். பார்த்தவர் ஐடா ஞானாபரணம்.

அப்படியென்றால் அது கும்பிடுபூச்சிதானே என்று வெட்கப்பட்டவர் யாருமில்லை. அது வேறு பூச்சி, நாம் ஓட்டுப் போட்டது குச்சிப்பூச்சி என்று உடனே முடிவாயிற்று. அவர்களுடைய ஆர்வம் வேறு இடத்தில் இருந்தது.

"யாருண்ணா இந்த ஐடா?" என்றார் முனிரத்தினம். இரண்டு மாதத்தில் அவர் ஏனோக்கிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "உங்க நந்திதுர்க்தான். உங்களுக்குத் தெரியுமா?"

ஏனோக் கதவோரம் நின்றிருந்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இருபது வருஷமாக இந்தப் பதினான்கு பேரும் அவருடைய டப்பாவைத் திறந்து ஐடா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். வூட்ல குடுத்து அனுப்பிச்சாங்க என்று அவர் சொல்வார். வூட்ல உடம்பு சரியில்ல, வூட்ல சர்ச்சுக்குப் போயிருக்காங்க. சர்ச்சிலேயே அவள் மிஸஸ் ஏனோக்தான். அவர் பெயரில் எது ஏறினாலும் துரத்தி அடித்தவர்கள் அவளை விட்டதற்குக் காரணம், அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை.

"எங்க வூட்டுக்காரி," என்றார் ஏனோக்.

பெட்டி சிரித்தது. உள்ளபடியே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் வரவில்லை என்றதும் வந்த பெயரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்றார்கள். ஞானாபரணம் அவளுடைய அப்பா பெயர், எனக்கு மாமனார் என்று விளக்கப் போனார், அது இன்னும் சிரிப்பை மூட்டியது. முனிரத்தினம்தான் நியாயமாக ஒரு வழி சொன்னார். பெண்டாட்டி என்றால் போனில் போட்டோ இருக்கும், காட்டட்டும்.

ஏனோக் போனை எடுத்தார். விரலால் தள்ளினார். பச்சை, பழுப்பு, கையின் உள்பக்கப் பொட்டு, முட்டைக்கூடு, மறுபடி பச்சை. தியாகலில் ஆரம்பித்தவர் மாலூர் தாண்டியும் தள்ளிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக் கும்பிடுபூச்சிகள் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. பக்கவாட்டில், கால் தெரிய, கண் தெரிய, கழுத்து தெரிய, ஒவ்வொன்றையும் ஐந்து பக்கத்திலிருந்து எடுத்திருந்தார். ஐடா ஒன்றில்கூட இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் குடைக்கம்பியைப் பிடித்த நாலு விரல் இருந்தது. அதைக் காட்டலாமா என்று யோசித்தார். காட்டவில்லை.

பிறகு முறைப்படி கையெழுப்பு நடந்தது. ஐடா என்பவர் ஏனோக்கின் மனைவி என்று ஒப்புக்கொள்கிறவர்கள் தூக்கலாம் என்றார் முனிரத்தினம். ஏனோக் மட்டும் தூக்கினார். ஒன்றுக்குப் பதினான்கு.